நெருப்பு யாருக்கு வேண்டியிருந்தது?

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடிய, திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றில் வேதியர் பண்ணையார் என்று ஒருவர் இல்லவே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அவரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் அறுத்து முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார் அந்த எஜமான். இறைவன் அருளால் அறுவடை முடிகிறது. எஜமானே நந்தனாரின் காலில் விழுகிறார்.

எழுதியவரும் பாரதியார், கதாகாலட்சேபமாகப் பாடிக்காட்டியவரும் பாரதியார். 1861இல் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ அச்சேறியது. பெரியபுராணத்திலிருந்து விலகியதால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் சாற்றுக்கவி தரத் தயங்கினார். பாட்டில் உருகிய பிறகே தந்தார்.

அடியாரின் கதையை மாற்றும் உரிமை கலைஞனுக்கு உண்டா? இங்கே உண்டு என்றே சொல்ல வேண்டும். பக்தனை மறிப்பது யார் என்பதை அந்தக் கற்பனைதான் வெளிச்சமாக்கியது.

ஆனால் தில்லை எனும் சிதம்பரத்தில் நந்தனார் மூழ்கிய தீ மட்டும் மாறவில்லை. திருப்புன்கூரில், ஒடுக்கப்பட்ட குலத்தவரான நந்தனார் தன்னைக் காண நந்தியை விலகச் சொன்ன சிவன், சிதம்பரத்தில் ஏன் அவரை நெருப்பில் மூழ்கி வரச் சொன்னான்? எங்கும் நிறைந்தவனுக்குத் தீட்டு ஏது? அந்தத் தீ நந்தனாரைச் சுத்தமாக்க மூட்டப்பட்டதல்ல. காண்பவர் கண்ணில் இருந்த அழுக்குக்காக மூட்டப்பட்டது. அதற்கும் அவர் உடலே விலையானது என்பதுதான் தாங்க முடியாதது.

1935இல் கே.பி.சுந்தராம்பாள் திரையில் நந்தனாராக நடித்தார். அதற்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே நுழைய எந்தப் பிள்ளையும் தீக்குளிக்க வேண்டியிருக்கவில்லை.