அறியோம் என்பார்

மக்களுக்குத் தெரியாதவற்றைத் தெரிவிப்பதே பத்திரிகையாளனின் கடமை என்பர். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை எண்ணிப் பார்ப்போருக்கு இவ்வரைவிலக்கணம் போதாதென்பது புலனாகும்.

அவ்வாண்டின் நடுப்பகுதியிற் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஏழை மக்கள் அந்நகர வீதிகளிலே பட்டினியால் மடிந்தனர். அலுவலகஞ் செல்வோர் அவ்வுடல்களைக் கடந்தே சென்றனர். கண்ணுடையார் யாவரும் கண்டதனை அரசாங்கம் மட்டும் பஞ்சமெனப் பிரகடனஞ் செய்ய மறுத்தது. ஆங்கிலேயருக்கு உரித்தான 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் பத்திராதிபர் இயன் ஸ்டீபன்ஸ், ஆகஸ்ட் 22 ஆம் திகதி ஞாயிறிதழில், வீதியிற் கிடந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டார். கல்கத்தாவாசிக்கு அவை புதிதாக எதனையும் அறிவிக்கவில்லை. டெல்லியிலும் இலண்டனிலும் இருந்த ஆட்சியாளர் 'அறியோம்' என்று கூறும் வசதியையே அவை பறித்தன. ஒக்டோபரிற் புதிய வைசிராய் வேவல் கல்கத்தாவை நேரிற் கண்டு, நிவாரணப் பணிக்கு இராணுவத்தை அமர்த்தினார். அதற்குள் மாண்டவர் எத்தனை இலட்சம்! அப்பஞ்சம் கொண்ட உயிர்கள் மொத்தத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் வரை இருக்கலாமெனப் பிற்கால ஆய்வாளர் மதிப்பிடுவர்.

இதனாற் பத்திரிகைச் சுதந்திரத்தை வானளாவப் புகழ வேண்டியதில்லை. பொதுவுடைமை ஓவியர் சித்தப்பிரசாத் மிட்னாப்பூர்க் கிராமங்களிற் கண்டவற்றை வரைந்து, 'பசித்த வங்காளம்' என்னும் நூலாக அதே ஆண்டில் வெளியிட்டார். அதன் பிரதிகளை அரசாங்கம் கைப்பற்றி அழித்தது. வெள்ளையர் பத்திரிகைக்குக் கிட்டிய இடம் கட்சித் தொண்டனுக்குக் கிட்டவில்லை.

எனினும் இதே அளவுகோலால் நம் பக்கத்தாரையும் அளத்தல் வேண்டும். சீனத்தில் 1958 இல் நம்பவொண்ணாத விளைச்சற் கணக்குகளைப் பத்திரிகைகள் அச்சிட்டன. மிகைப்படுத்திய அத்தகைய கணக்குகளை வைத்தே உழவரிடமிருந்து தானியம் அறவிடப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளிற் கோடிக்கணக்கானோர் மாண்டனர். அதனை எழுதுவதற்குப் பத்திரிகை இருக்கவில்லை. வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ட அமர்த்தியா சென் பிற்காலத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தமை காரணமின்றியன்று.

பொய்க்கணக்கை அச்சிட்டவன் ஒரு பிடி தானியத்தையேனும் தொட்டவனல்லன். ஆயினும் உழவனின் களஞ்சியம் வெறுமையானதில் அவனுக்குப் பங்குண்டு. மறுத்திருந்தால் அவனுக்கு நேரக்கூடிய தண்டனை ஸ்டீபன்சுக்கு நேரக்கூடியதிலும் மிகக் கொடியது என்பதும் மெய், அவனை மன்னிக்கலாம். ஆனால் எத்தண்டனைக்கும் அஞ்சவேண்டாத நாடுகளில் அமர்ந்து, அங்கே பஞ்சமே இல்லையென எழுதிய இடதுசாரி எழுத்தாளருக்காக நாம் என்ன சமாதானம் கூறுவது?