இது அடக்கந்தானா?

லண்டனில் எமது பெண்கள் பலர் கடை, தையல், சமையல் எனத் தொழில் நடத்துகின்றனர். ஆயினும் கணக்கைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் இவரைத்தான் கேக்க வேணும், எனக்கு விளங்காது" என்ற பதிலையே நாம் அடிக்கடி கேட்கிறோம். சமூகம் இதை அடக்கம் என்று போற்றுகிறது.

இவ்வெண்ணம் தானாக முளைத்ததன்று. தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இங்கிலாந்திலும், மணமான பெண் தன் பெயரிலேயே சொத்து வைத்து வியாபாரம் செய்ய 1882ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. பெண் என்பதற்காகக் கடன் மறுப்பதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. வெளியே போட்ட வேலி, காலப்போக்கில் மனத்துக்குள்ளும் வேலியாயிற்று.

ஆனால் அதே பெண்கள்தாம் இருபது பேரின் சீட்டைப் பிடித்து, கழிவு பிசகாமல் மாதந்தோறும் கணக்குத் தீர்க்கிறார்கள். விளங்காதவர்களால் இது முடியுமா?

மேலும், இயக்குநர் ஒவ்வொருவரும் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் கடமையாற்ற வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம். "அவர் சொன்னார், ஒப்பமிட்டேன்" என்பது அங்கே தக்க விடையாகாது.

உள்ள திறமையை இல்லையென்பது அடக்கமன்று, உண்மைக்கு மாறு. அதைப் பாராட்டும் சமூகத்துக்கும் அதில் பங்குண்டு. கணக்குப் புத்தகத்தை இனி இருவருமாக விரித்து வாசிப்போமாக.