புறநாட்டுத் தெய்வங்களும் சைவாசிரியர் கடமையும்

தொண்டைமானாற்றிலே வரலாற்றுப் பாடம் நடத்துங்கால் மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, கிரேக்கர் கும்பிட்ட சீயஸ் பொய்த்தெய்வந்தானே?" என்று வினாவினான். வகுப்பு முழுதுஞ் சிரித்தது. யாமும் உடன் சிரித்திருப்போம். பழைய நினைவொன்று தடுத்தது.

யாம் இளமையிற் பயின்றது மிஷன் பாடசாலையில். அங்கே ஆசிரியரொருவர் ஓமர் பாடிய கதைகளை நாவினிக்கச் சொல்லுவார். தியோமிதீஸ் எறிந்த வேலாற் போர்த்தெய்வமாகிய ஏரிஸ் புண்பட்டு அலறியதும், சீயஸ் தன் தந்தையை வீழ்த்தி அரசுகொண்டதும் அவருக்கு இலக்கியச் சுவை. அவரே மற்றொருநாள் வள்ளி தெய்வயானையரைக் குறித்து நகையாடினார். ஒன்றைச் சுவைத்து மற்றொன்றை இகழ்ந்தமைக்குக் காரணம் பின்னரே எமக்கு விளங்கிற்று. கும்பிடுவாரில்லாத தெய்வத்தால் எவருக்கும் இடையூறில்லையன்றோ!

உரோம சக்கரவர்த்தி தெயோதோசியுஸ் 391, 392 ஆம் ஆண்டுகளிற் பலியையுங் கோயில் வழிபாட்டையும் விலக்கிச் சட்டஞ்செய்தான். அதீனாவின் கோயில் பின்னர்க் கிறிஸ்தவாலயமாயிற்று, அதன்பின் பள்ளிவாசலுமாயிற்று. கெல்தியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்தம் குருமாராகிய துருயிதர் சமயப்பொருளை ஏட்டில் எழுதுதலை விலக்கினரென்று சீசர் எழுதியுள்ளான். அயர்லாந்துத் தெய்வக்கதைகளுள் எஞ்சியவை கிறிஸ்தவத் துறவிகள் எழுதிவைத்தவையே. தம் தெய்வத்தைப் பிறர் எழுத்தால் அறியவேண்டிய நிலை நமக்கு வாராதிருப்பதாக.

நல்லூர்க் கோயிலைப் பறங்கியர் 1621 இல் இடித்தனர். விரதநாளில் உண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டுள்ளோம். செல்வச்சந்நிதியிற் பெருந்தேர் 1986 இல் எரியுண்டது. ஆயினும் பூசகர் இன்றும் அங்கே வாய்கட்டிப் பூசைசெய்கின்றார். அன்னதான மடங்களில் அடுப்பு அணையவில்லை. கிரேக்கர் வழிபாடு பெரிதும் நகரத்தின் பொதுக்காரியமாயிருந்து அரசு கைவிட்டதும் தளர்ந்ததென்பதும், நம்முடையது அடுக்களைவரை புகுந்திருந்தமையாற் பிழைத்ததென்பதும் எமது கருத்து.

இனி மாணாக்கனுக்கு யாது விடை? எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவனே என்பது சிவஞானசித்தியார் துணிபு. அத்தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், துன்புறும் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. இரண்டையுஞ் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஏரிஸின் புண்ணைக் காட்டிச் சிரிக்கப் பழக்கினால், சூரன் சிறையிலிருந்த தேவரைக் காட்டிப் பிறன் சிரிக்கும்போது பிள்ளை யாது செய்வான்? நாவலர் 1854 இற் சைவதூஷணபரிகாரம் எழுதியது அத்தகைய நகைப்புக்கு விடையாகவே. நாம் அந்நகைப்பை மற்றொருவர்மேல் ஏவுதல் தகுமா?

"நோயுற்ற பிள்ளைக்காக அதீனாவின்முன் அழுத தாயும் உன் தாய்போல்வாளே, அவள் அழுகையையுஞ் சிவன் கேட்டான்" என்றோம். வகுப்பு அமைதியுற்றது. வினாவிய பையன் மட்டும் அமையவில்லை. "அயர்லாந்திலே பிரிகிற் என்பவள் முன்னே தெய்வமாயும் பின்னே கிறிஸ்தவப் புனிதவதியாயும் போற்றப்பட்டாளென்று படித்தேன். அவளைக் கும்பிட்டவர்கள் சமயம் மாறியபின்னும் அதே கும்பிடுதானே கும்பிட்டார்கள்?" என்றான். மறுநாட் சொல்வதாகச் சொல்லி வந்தோம், இன்னுஞ் சொல்லவில்லை.