மனு குடுக்கிற ஜனநாயகம்

2018 கோடையில எங்க காலனிக் குழாயில இருபது நாளாத் தண்ணி வரல. ஓசூருக்குப் பக்கத்துல, கம்பெனி மதிலை ஒட்டின காலனி. மதிலுக்கு அந்தப் பக்கம் புல்லுக்குத் தண்ணி பீச்சிக்கிட்டிருந்தாங்க. இந்தப் பக்கம் நாங்க குடத்தோட நின்னோம்.

யாரைக் கேக்கிறது? ஊராட்சியில் தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை. 2016 அக்டோபரில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை என்று காலம் போனது. கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அதுவரை வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். மாவட்டத்தில் ஒன்றியங்கள் 10, ஊராட்சிகள் 300க்கும் மேல்.

பெரியம்மாவோட ஒன்றிய ஆபீசுக்குப் போனேன். "எனக்கு முப்பது ஊரு இருக்கும்மா, மனு குடுத்துட்டுப் போங்க" என்றார் அதிகாரி. மரியாதையாத்தான் சொன்னார். நாற்காலி போடச் சொன்னார். எங்க பழைய தலைவர் திண்ணையில நாங்க உக்காந்ததே இல்லை. நாலாம் நாள் தண்ணியும் வந்துடுச்சு.

எனக்குக் குழப்பம் அங்கேதான். சாதித் தலைவரைவிட வெளியூர் அதிகாரியே மேல் என்று நம்ம ஜனம் சொல்வது அனுபவத்திலிருந்து வருவது. அம்பேத்கரும் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை நம்ப மறுத்தார். அப்படியானால் நமக்குத் தேர்தல் எதற்கு?

பஸ்ஸுல பெரியம்மா சொன்னாங்க: "இவரு நல்லவரு, தண்ணி வந்துச்சு. நாளைக்கு வேற ஆளு வந்தா? ஓட்டு வாங்கினவன்னா தெருவுல நிறுத்திக் கேப்பேன். இவருகிட்ட மனு குடுக்கலாம், அவ்வளவுதான்."

பொறுப்பு வேறு, பதில் சொல்வது வேறு. அந்த அதிகாரிக்குப் பொறுப்பு இருந்தது. ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே, கலெக்டருக்கு. கீழே நமக்குக் கிடைத்தது தயவு. தயவுக்கு நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. மாற்றலாகிப் போனவரை எங்கே தேடுவது?

இன்னொன்றும் போனது. பஞ்சாயத்தில் நமக்கென்று ஒதுக்கிய இடங்கள் 73ஆவது திருத்தத்தால் வந்தவை. அப்படி ஒதுக்கிய தலைவர் பதவியில் உட்கார்ந்ததற்காகத்தான் 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் சாதி இந்துக்கள் பத்தாண்டு தேர்தலையே முடக்கினார்கள். 2006இல்தான் அது உடைந்தது. அவர்கள் அரிவாளாலும் கட்டுப்பாட்டாலும் செய்ததை இங்கே ஒரு அரசாணை சத்தமில்லாமல் செய்தது. தனி அலுவலருக்கு இடஒதுக்கீடு கிடையாது. மூன்று வருசம் மாநிலம் முழுக்க ஒரு தலித் தலைவர் இல்லை, ஒரு தலித் பெண் மெம்பர் இல்லை. அதற்காக ஒரு பஸ்கூட நிற்கவில்லை.

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. அதன் முதல் மாமன்றத் தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் வரி இருந்தது, வரியைக் கேள்வி கேட்க மன்றம் இல்லை. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்து என்கிறது அரசியல் சட்டம்.

நல்ல அதிகாரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதித் தலைவன் வந்து திரும்பவும் நம்மைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தலாம். நிறுத்தட்டும். அஞ்சு வருசத்துல ஒருநாள் அவன் நம்ம தெருவுக்கு வந்துதான் ஆகணும். அந்த ஒருநாளை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.