பயணத்தில் சுருங்காதவை

பூமியில் சுற்றி வந்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு துவக்கினான் என்பதைப் பார்க்கும்படி திருமறை (29:20) நம்மை ஏவுகிறது. ஆகவே, குடும்பத்தோடு மலைநாடு சென்று வருவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால், பார்ப்பதெல்லாம் சிந்தனையாகி விடுமா?

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை சென்றிருந்தோம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளைக் கண்டதும், "ஸுப்ஹானல்லாஹ்" என்றோம். சொன்னது சரியே. எனினும், அச்சரிவு அப்படியே படைக்கப்பட்டதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அடர்காட்டை வெட்டி உண்டாக்கிய தோட்டம் அது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது, மழையிலும் அட்டைக்கடியிலும் உழைக்கும் தொழிலாளரின் கை.

அங்கே கொழுந்து பறித்துக் கொண்டிருந்த பெண்மணி ஒருவரைப் படமெடுப்பதற்காகச் சற்று நிற்கச் சொன்னோம். "எடை போட நேரமாச்சுங்க" என்று அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார். நமக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுப் பெண்களை முன்பின் அறியாதவர் இப்படிப் படமெடுக்கச் சம்மதிப்போமா? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஊரில் மட்டுந்தானா?

"காசு செலவழித்து இளைப்பாற வந்தோம், இதையெல்லாமா பார்ப்பது?" என்று சிலர் கேட்கலாம். பயணிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பது உண்மையே. நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஆனால், பிறருடைய ஹக்கு பயணத்தில் பாதியாகச் சுருங்குவதில்லை. தன் ஹக்கில் சலுகை தந்த ரஹ்மான், அடியார்களின் ஹக்கில் நமக்குச் சலுகை தரவில்லை.

அங்கே ஹக்குடையோர் தொழிலாளர் மட்டுமல்லர். மிஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளுக்கிடையே தேயிலைத் தோட்டம் வழியாகவே யானைகள் நடக்கின்றன. நாம் எறியும் கண்ணாடிப் புட்டி அவற்றின் பாதையில் உடைந்து கிடக்கிறது. இரக்கப்பட்டு நாம் போடும் தின்பண்டத்துக்குப் பழகிய சிங்கவால் குரங்கு, சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. அம்மலையின் நீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அதில் குப்பை கொட்டுவது யாருக்குச் செய்யும் தீங்கு? பாதையில் இடர் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று போதித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அகற்ற வேண்டிய நாமே இடரைப் போட்டு வரலாமா?

அழகைக் கண்டு நாவு துதித்தால் மட்டும் போதாது. கையும் கண்ணும் அத்துதிக்குச் சாட்சி கூற வேண்டும். அத்தகைய பயணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.