‘தெரியாது’ என்பது விடையாகுமா?

தெரியாமல் செய்த தவற்றுக்கு மன்னிப்பு உண்டு என்பது உலக வழக்கு. இருளில் எறும்பை மிதித்தவனை யாரும் கொடியவன் என்று சொல்வதில்லை. ஆனால் கையில் விளக்கு இருந்தும் அதை ஏற்றாமல் நடந்தவனை என்னென்று சொல்வது? அறியாமை வேறு, அறிய மறுப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்த்த ஓர் ஆற்றின் வரலாறு துணைசெய்யும்.

ஆனைமலைத் தொடரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் பிறக்கும் ஓடைகள் கூடிச் சாலக்குடி ஆறாகின்றன. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் வாழச்சால், அதிரப்பள்ளி ஆகிய அருவிகளின் வழியே அது சமவெளிக்கு இறங்குகிறது. ஆற்றின் மேற்பகுதியில் 1957இல் பெரிங்கல்குத்து நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அணை கட்டுமுன் ஆற்றின் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இல்லை. அதை அறியாமை எனலாம்.

பின்னர் அதிரப்பள்ளி அருவிக்கு மேலே 163 மெகாவாட் திறனுள்ள மற்றொரு திட்டம் வகுக்கப்பட்டது. 1998இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, இந்த ஆற்றில் வாழும் ஒரு மீனை அறிவியலுக்குப் புதிய இனம் என்று அறிஞர்கள் அறிவித்து, ‘சாலக்குடியென்சிஸ்’ என ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினர். ‘மிஸ் கேரளா’ என்று வண்ணமீன் வணிகத்தில் புகழ்பெற்ற மீனுக்கு இது நெருங்கிய உறவு. அனுமதி முந்திக்கொண்டது, அறிமுகம் பிந்தி வந்தது. பெயர்கூடத் தெரியாத உயிரின் வீட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது!

கள ஆய்வு என்பது ஒருநாள் சென்று ஆற்றைப் பார்த்து வருவதன்று. கோடையில் பாறைக் கயங்களில் ஒதுங்கும் மீன்கள் உண்டு. பருவமழையின் புதுவெள்ளத்தில் முட்டையிட மேல்நோக்கி ஏறும் மீன்களும் உண்டு. அருவிக்கு மேலே வாழ்வது கீழே இல்லாமல் போகலாம். எனவே எல்லாப் பருவங்களிலும், ஆற்றின் எல்லாப் பகுதிகளிலும் வலைவீசிப் பார்க்க வேண்டும். தலைமுறைகளாக அங்கு மீன்பிடித்து வாழும் காடர் பழங்குடியினரிடம் பணிவோடு கேட்க வேண்டும். நீரின் வேகம், குளிர்ச்சி, அடியிலுள்ள கூழாங்கல் ஆகியவற்றில் எது மாறினாலும் இனப்பெருக்கம் தடைபடக்கூடும். மின்தேவைக்கேற்ப அடைத்தும் திறந்தும் விடப்படும் நீர், மழையின் குறிப்பறிந்து வாழும் உயிருக்குப் பொய்ச்செய்தி சொல்கிறது.

2005இல் மீண்டும் அளிக்கப்பட்ட அனுமதியைக் கேரள உயர்நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தது. மக்களிடம் உரிய முறையில் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதே அங்கு எழுந்த கேள்வி. மக்கள் வழக்காட முடிந்தது. மீன் எந்த மன்றத்துக்கு வரும்? ஆய்வாளரின் குறிப்பேடு ஒன்றே அதன் வாக்குமூலம். 2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலை வல்லுநர் குழு, இந்த ஆற்றில் 104 வகை மீன்கள் உள்ளதைச் சுட்டி, திட்டத்துக்கு அனுமதி தரலாகாது என்று பரிந்துரைத்தது.

‘மீனுக்காக மனிதன் இருளில் இருப்பதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழையின் வீட்டு விளக்கும் அறத்தின் கணக்கில் சேர்ந்ததே. அணை வேண்டும், வேண்டாம் என்ற முடிவை ஆய்வு மட்டுமே தந்துவிடாது. தராசின் இரு தட்டுகளிலும் என்ன இருக்கிறது என்பதை அது காட்டும். ஒரு தட்டில் மெகாவாட்டை எழுதிவிட்டு, மறு தட்டை மூடிவைத்து எடைபோடுவது நீதியாகாது. முடிவை முன்பே எடுத்துக்கொண்டு, விதியை நிறைவேற்ற மட்டும் ஆய்வறிக்கை கேட்பது அதைவிடத் தாழ்ந்தது; அது அறிவின் வேடத்தில் வரும் மறுப்பு. ஆய்வாளருக்கும் இதே கடமை உண்டு. எந்தத் தரப்புக்கு உதவும் என்று பாராமல், கண்டதைக் கண்டபடி எழுதுவதே அவரது தவம்.

அத்தகைய உழைப்பின் பயன் காலங்கடந்தும் நிற்கும். கங்கையின் மீன்களை ஆராய்ந்து பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூல், ஹில்சா மீனுக்கும் அறிவியல் பெயர் தந்தது. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் அந்த மீன், முன்னர் அலகாபாத்தையும் தாண்டிச் சென்றது. 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணை அந்த வழியை மறித்தது. பழைய பதிவுகள் இருப்பதால்தான் இந்த இழப்பு இன்று தெரிகிறது. ஹில்சாவை மீண்டும் மேலேற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. பதிவே இல்லாமல் மறைந்த உயிருக்காக வருந்தவோ, செய்ததைத் திருத்தவோ வழியில்லை.

ஆற்றை மாற்றும் ஆற்றல் மனிதனுக்கு வந்துவிட்டது. ஆற்றல் வளர வளர, ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை சுருங்குகிறது. முதலில் ஆற்றில் இறங்கிப் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்பதே அறத்தின் வரிசை. அதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கலாம். பல்லாயிரம் ஆண்டுகளாக ஓடும் ஆற்றின் முன் அது நீண்ட காத்திருப்பன்று.