சொன்னதும் விற்றதில் சேரும்

கொங்கு நாட்டுக் கிரையப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்த வரி மனப்பாடமாகவே இருக்கும். நான்கெல்லையும் விஸ்தீரணமும் சொல்லி முடித்த பிறகு, கிணற்றில் நான்கில் ஒரு பாகம், அதில் பொருத்தியுள்ள 5 எச்.பி. மின்மோட்டார் பம்புசெட்டில் நான்கில் ஒரு பாகம், மின் இணைப்பு, அதன் டெபாசிட் தொகை, மாமூல் தடப் பாத்தியம், மாவடை மரவடை சகிதம் என்று அது ஓடும். வீட்டுப் பத்திரமானால் கதவு, நிலவு, ஜன்னல், குழாய் இணைப்பு என்று வரும். முதலில் எழுதியவர், வாங்குகிறவருக்கு என்னென்ன சேர வேண்டும் என்று யோசித்துத்தான் எழுதியிருப்பார். பின்னால் வருகிறவர்கள் பல நேரம் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எடுத்தெழுதிவிடுகிறார்கள். கிணறு வற்றி, மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு, போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்கிய பிறகும் அந்த 5 எச்.பி. மோட்டார் காகிதத்தில் அப்படியே நிற்கிறது. வாங்கியவர் போய்ப் பார்த்தால் சிமெண்டு மேடையும் அதில் நான்கு போல்ட் துளைகளும்தான் இருக்கும். சேர்த்துத் தருவதாகச் சொன்ன பொருள் இல்லாமற்போனால், அல்லது அது விற்றவருடையதே அல்ல என்று தெரிந்தால், நட்டத்தை யார் ஏற்பது? விற்றவர்தான் ஏற்க வேண்டும். அறியாமல் சொல்லியிருந்தாலும் அவர்தான்.

சட்டம் இதை ஓரளவுக்கு மேல் தீர்த்துவைப்பதில்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வீட்டை விற்றால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்கென வைத்த மற்றவை எல்லாம் வேறு பேச்சில்லாவிட்டால் கூடவே போகும் என்கிறது. எது நிரந்தரம் என்பதில்தான் வழக்கே பிறக்கிறது. 1872-இல் இங்கிலாந்தில் ஒரு மில்லின் தறிகள் பற்றிய வழக்கு வந்தது. தரையில் ஆணியடித்து நிறுத்திய அந்தத் தறிகளை எளிதில் கழற்றிவிடலாம். ஆனாலும் அவை மில்லோடு சேர்ந்தவை என்றே தீர்ப்பானது. நம் பக்கம், 1969-இல் சட்ட இதழில் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று எண்ணெய் என்ஜினைப் பற்றியது. என்ஜினைத் தரையில் பொருத்துவது என்ஜினை ஓட்டுவதற்காகத்தானே ஒழிய நிலத்துக்காக அல்ல, ஆகவே அது நிலத்தின் பகுதியாகாது என்பது அதன் சாரம். ஆணியும் போல்ட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, முடிவு மட்டும் இரண்டு. இவ்வளவு வழுக்கலான இடத்தில் வாங்குகிறவர் பிடித்துக்கொள்ள இருப்பது விற்கிறவர் சொன்ன சொல் ஒன்றுதான். மாடுலர் கிச்சன், சிம்னி, இன்வெர்ட்டர், மாடியில் சோலார் ஹீட்டர், கூடத்தில் ஊஞ்சல் என்று விளம்பரத்தில் வரிசையாகப் போட்டதே, சட்டம் தானாகச் சேர்க்காததையும் விலைக்குள் கொண்டுவரத்தான். விலையை ஏற்றிய சொல்லை விலை கைக்கு வந்தபின் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

புது அடுக்குமாடி விற்கும் பில்டருக்கு இந்த நியாயம் சட்டமாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர் அது தவறாக இருந்ததால் நட்டப்பட்டால், பில்டர் ஈடு செய்ய வேண்டும். சாயிபாபா காலனியிலோ சிங்காநல்லூரிலோ தன் பழைய வீட்டை விற்கும் தனி ஆளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் நம்பிப் பணம் கொடுத்தவரின் நிலைமை இரண்டு இடத்திலும் ஒன்றே.

புரோக்கர் போட்ட விளம்பரம், எழுத்தர் எழுதிய வரி, விற்றவர் பாவம் என்ன செய்வார் என்று கேட்பார்கள். அவர் ஏமாற்றவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஏமாற்றுக்காரர் என்ற பழியிலிருந்து அது அவரை விடுவிக்கும், கடனிலிருந்து விடுவிக்காது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும், போதிய ஆதாரமின்றி அடித்துச் சொன்ன பொய்யான தகவலை, சொன்னவர் உண்மையென்று நம்பியிருந்தாலும், தவறான கூற்று என்றே வகைப்படுத்துகிறது. தன் வீட்டில் எது தன்னுடையது, எது குடியிருப்பவர் மாட்டிய ஏசி, எது அண்ணன் பங்கில் போனது என்று நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே. புரோக்கரை அமர்த்தியவரும் அவரே, ஆகவே புரோக்கரிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். வாங்கியவர் நேரில் வந்து பார்த்தாரே என்பது அடுத்த வாதம். பார்த்தவர் கண்ணுக்குப் பொருள் தெரியும், அது யாருடையது என்பது தெரியாது. ஒரு கோடிக்கு வீடு வாங்குகிறவர் ஒரு மோட்டாருக்குச் சண்டை போடலாமா என்றும் சொல்வதுண்டு. அது அவ்வளவு சின்னது என்றால் விற்றவர் கொடுத்துவிடலாமே. உண்மையில் வங்கிக் கடனும் நகை அடமானமுமாகப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டுக் குடிபோகும் குடும்பத்துக்கு, முதல் வாரமே தொட்டியில் தண்ணீர் ஏறாதது சின்ன விஷயம் அல்ல. தோட்டத்தில் இன்னும் கடுமை. 1970-இல் மின் கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைக் கொடுத்த மண் இது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். புதிதாக அந்த இணைப்பு வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். “சர்வீஸ் இருக்குதுங்க” என்று சொன்ன ஒரு வாக்குக்காகவே ஏக்கருக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

ஆனால் இந்தக் கடனுக்கும் எல்லை உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே “ஊஞ்சல் எங்க அப்பாருது, எடுத்துட்டுப் போயிருவோமுங்க” என்று காதில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பத்திரத்தில் தவறி விழுந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிறகு ஊஞ்சலைக் கேட்பவரும் பிறர் பொருளுக்கு ஆசைப்படுகிறவர்தான். அவர் சொல்லை நம்பி வாங்கவில்லை, பிழையை வைத்துக் கறக்கப் பார்க்கிறார். அதேபோல், விற்றவர் கொடுக்க வேண்டியது அந்தப் பொருளின் மதிப்பே ஒழிய, மூன்றாமவரின் பொருளை அல்ல. வாடகைக்கு இருந்தவர் மாட்டிய ஏசியை அவர் கழற்றிக்கொண்டு போகத்தான் செய்வார். சுவரில் செப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி அவரோடு மல்லுக்கு நிற்பதில் நியாயமில்லை.

பங்குக் கிணற்றில் தவறு இன்னும் தூரம் போகிறது. நான்கில் ஒரு பாகம் உள்ளவர் முழு மோட்டாரையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அடிபடுவது வாங்கியவர் மட்டுமல்ல, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் பங்காளிகளும்தான். அந்த வரியை அடுத்த பத்திரம் எடுத்தெழுதும், அதற்கடுத்ததும் எழுதும். எழுதியவர் போன பிறகும் பேரன்கள் முன்சீப் கோர்ட்டுக்கு நடப்பார்கள். தவறு தெரிந்த அன்றே இரு தரப்பும் போய்ப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிய சார்பதிவாளர் அலுவலகத்தில் வழியிருக்கிறது. அதற்கும் முன்னால், அட்வான்ஸ் கைமாறும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் வீட்டையும் கிணற்று மேட்டையும் ஒருமுறை சேர்ந்து சுற்றி வாருங்கள். எது இருக்கும், எது போகும், எது அடுத்தவருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இல்லாத மோட்டார் பழைய பத்திரத்தில் இருந்தால், அந்த வரியை எடுத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.